மூன்றாவது கயிறு

நான் இருக்கும் இந்த நார்வே மலையூரில் தேவாலயத்தை ஒட்டி ஒரு மரக்கொட்டகை உண்டு. பனிக்காலத்தில் செத்தவர்களை அதில்தான் வைத்திருக்கிறார்கள். மண் இளகும்வரை குழி வெட்ட முடியாது. தை மாதம் செத்தவர் வைகாசி வரை பெட்டிக்குள் கிடப்பார். வேலைக்குப் போகிறவர்கள் அந்தக் கொட்டகையைக் கடக்கும்போது தொப்பியை லேசாகத் தூக்குவார்கள். நானும் இப்போது தூக்குகிறேன். முதல் வருஷம் சுற்றிக்கொண்டு போனேன்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் கிணறு வெட்டிய ஆள் நான். சுதந்திரத்துக்கு மறு வருஷம் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கப்பலில் எஞ்சின் அறை வேலைக்கு ஏறினேன். பெர்கன் துறைமுகத்தில் கால் முறிந்தது. கப்பல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் கனூட். மலையைக் குடைந்து மின்சாரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறார்கள், பாறை உடைக்க ஆள் வேண்டும் என்று கையைக் காட்டியே புரியவைத்துத் தன் ஊருக்குக் கூட்டிவந்தார். அவர் வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன்.

நம்ம ஊர்ப் பஞ்சாயத்து போல இங்கே கொம்முனே என்பார்கள். ஒரு ஆறு, இரண்டு பக்கமும் மலை, சரிவில் தள்ளித்தள்ளி வீடுகள். பாதி நிலத்தில் மரமே கிடையாது. வெறும் பாறை. அதைப் பார்த்தால் மட்டும் எனக்கு ஊர் நினைப்பு வரும். பல நூறு வருஷத்துக்கு முன்னால் கொள்ளைநோயில் பள்ளத்தாக்கே காலியானதாம். கனூட் வீட்டின் பெயருக்கே பாழ்வீடு என்றுதான் அர்த்தம். மறுபடி ஆள் சேர்ந்தார்கள். மறுபடி பாதிப்பேர் அமெரிக்கா போய்விட்டார்கள். நம் ஆட்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனதுபோலத்தான். வெளியே போக மலைக்கு மேலே ஒரே சாலை. ஐப்பசியில் பனி மூடினால் வைகாசியில்தான் திறக்கும். தபால்காரர் சறுக்குக்கட்டையில் வருவார். முறிந்த காலோடு நான் அதில் போக முடியாது.

ஆறாவது பனிக்காலத்தில் குன்ஹில் என்ற கிழவி செத்தார். கனூட்தான் தேவாலயத்தில் குழி வெட்டுகிறவர். வந்த நாளிலிருந்து கிணற்றுக்காரன் என்று பெருமை பேசியவன் நான். உங்களால் முடியாவிட்டால் என்ன, கடப்பாரையைக் கொடுங்கள், நான் வெட்டித் தருகிறேன் என்றேன். கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு குத்துக் குத்தினேன். மணி அடித்ததுபோல் சத்தம் வந்தது. கனூட் மண்ணைக் காட்டி, "தேலெ" என்றார். மலைக்குள்ளேயே பாறை உடைத்தவன், அந்தச் சொல்லை அதுவரை கேட்டதில்லை. தலை என்கிறாராக்கும் என்று என் தலையைத் தொட்டேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். உறைந்த மண்ணுக்கு இவர்கள் மொழியில் அதுதான் பெயர். குன்ஹிலின் மகன் அமெரிக்காவில் இருக்கிறான், அவன் வந்து சேரவும் மண் இளகவும் சரியாக இருக்கும் என்றார்.

அந்த வாரம்தான் அண்ணனின் கடிதம் வந்தது. ஆத்தா படுத்துவிட்டாள். நான் கடைசி மகன். அப்பனுக்கு அண்ணன் கொள்ளி வைத்தார். ஆத்தாவுக்கு நான்தான் வைக்கவேண்டும். புறப்படும்போது அவளுக்கு அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன். சாலையோ மூடிக் கிடக்கிறது. உட்கார்ந்து பதில் எழுதினேன். வைகாசியில் வருகிறேன், அதற்குள் ஏதாவது ஆனால் எடுத்துவிடாதீர்கள், நான் வரும்வரை வைத்திருங்கள், இங்கே அப்படித்தான் செய்கிறார்கள் என்று எழுதினேன். புத்தி தெளிந்துதான் எழுதினேன். ஆறு வருஷத்தில் வெயிலை மறந்திருந்தேன்.

பதில் பங்குனி கடைசியில் வந்தது. என் கடிதத்தை அண்ணன் ஆத்தாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அவள் சிரித்தாளாம். "என்னையக் கருவாடா போட்டு வைக்கச் சொல்றானா? அம்புட்டு உப்புக்கு எங்கிட்டுடா போவீங்க?" என்றாளாம். கொஞ்ச நேரம் கழித்து, "சாம்பல் கெட்டுப்போகாதுல்ல. அதை எடுத்து வைங்க. சின்னவன் வந்து கரைக்கட்டும்" என்றாளாம். நாலாம் நாள் காலையில் போய்விட்டாள். மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டார்கள். "ஒன் கொள்ளிய நான் வச்சேன். மனசுல வச்சுக்கிறாத" என்று அண்ணன் எழுதியிருந்தார். அஸ்திக் கலயத்தை வீட்டுக்குள் வைக்கக்கூடாது. கண்மாய்க்கரைப் புளியமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

வைகாசியில் மண் இளகியது. குன்ஹிலுக்கு நானும் கனூட்டும் குழி வெட்டினோம். மகன் வந்து நின்றான். பெட்டியின் மேல் மூன்று முறை மண் போட்டான். என் கையைப் பிடித்து நன்றி சொன்னான். கை சூடாக இருந்தது.

அன்றைக்குச் சாலை திறந்துதான் இருந்தது. கனூட் மூட்டை கட்டவில்லையா என்று கேட்டார். சுரங்க வேலை முடியட்டும் என்றேன். அடுத்த வருஷம் கால் வலி என்றேன். கனூட் பிறகு கேட்கவில்லை. கடல்தாண்டி இருக்கும் நம் ஆட்களுக்கு இது புரியும். கலயத்தை எடுத்துப்போய் மணமேல்குடிக் கடலில் கரைத்துவிட்டால், அந்த ஊரில் எனக்காகக் காத்திருக்க யாரும் இல்லை.

சாலை அதற்குப் பிறகு நாலு தடவை திறந்து மூடிவிட்டது. நேற்றுத் தபாலில் அண்ணன் எழுதியிருக்கிறார். "கயிறு இத்துப்போச்சு. மாத்திக் கட்டியிருக்கேன். இது மூணாவது கயிறு தம்பி."

படித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். பனி விழுந்துகொண்டிருந்தது. சுவரில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்து மண்ணில் ஒரு குத்துக் குத்தினேன். மணிச் சத்தம்தான் வந்தது.