அன்னக்கொடி கேட்கிற கேள்வி

“வெளிக்குப் போறப்ப ரத்தம் கித்தம் பட்டுச்சா?”

பணியாரம் இலைக்கு வருவதற்கு முன்னால் இந்தக் கேள்வி வந்துவிடும். பேரையூர் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, சைக்கிள் கடையை ஒட்டிய தகரக் கொட்டகையில் அன்னக்கொடி அடுப்புக்கு முன் உட்கார்ந்திருக்கிறாள். கம்பியால் பணியாரத்தைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, எதிரே குத்தவைத்திருக்கும் ஆளின் கண்ணுக்குக் கீழே உற்றுப் பார்க்கிறாள். கொஞ்சம் வெளுத்திருந்தால் போதும், ஆள் தொலைந்தார். “ஒரு நாளு இறுகிப் போகுது, ஒரு நாளு தண்ணியாப் போகுதா? போயிட்டு வந்தும் போகாத மாதிரியே இருக்கா? சாப்பாடு கொறையாம ஒடம்பு மட்டும் வத்துதா?”

“யக்கா, திங்கிற எடத்துல கேக்குற கேள்வியா இது?” என்று முகத்தைச் சுளிப்பார்கள்.

“இங்கன கேக்காம வேற எங்கிட்டு வந்து கேக்க? நீ போற காட்டுக்கா நான் வர முடியும்?” என்பாள். சட்னி ஊற்றுகிற கை ஊற்றிக்கொண்டேயிருக்கும்.

வெளியூர்க்காரர்கள் திகைத்துப் போவார்கள். உள்ளூருக்குப் பழகிவிட்டது. பருத்தி ஏற்ற வரும் லாரி டிரைவர் ஒருவர் வண்டியை விட்டு இறங்கும்போதே, “எல்லாம் சரியாப் போகுது, ரெண்டு இலை போடு!” என்று கத்திக்கொண்டுதான் வருவார். யாராவது “மூலம்தான்க்கா, சூட்டு ஒடம்பு” என்று சொல்லிவிட்டால் மட்டும் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். “மூலம்னு ஒனக்கு யாரு சொன்னா? நீயே சொல்லிக்கிட்டியா? டாக்டரு கைய விட்டுப் பாத்தாரா? பாக்காம எப்பிடிய்யா மூலம்ங்கிற?” சொன்னவன் இலையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்காருவான்.

இதெல்லாம் அவள் உடம்பு பட்ட பாட்டில் கற்றது. அவள் தெருவில் பொம்பளைகள் விடிவதற்கு முன்னால் சீமைக்கருவேலங் காட்டுக்குள் போய்விட்டு வந்துவிட வேண்டும். ஆம்பளை நடமாட்டம் தொடங்கிவிட்டால் அப்புறம் பொழுதடைந்துதான். இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறவளுக்கு என்ன நிறத்தில் போயிற்று என்று எப்படித் தெரியும்? ஒரு வருஷத்துக்கு மேல் உடம்பு உருகிக்கொண்டே வந்தது. மாவுக் குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. சோகை என்று ஊரே சொன்னது. ரத்தம் ஊறும் என்று ஆட்டுச் சுவரொட்டியை வாங்கிச் சுட்டுச் சுட்டுத் தின்றாள். தின்றதெல்லாம் எங்கே போனதென்று யாருக்கும் விளங்கவில்லை.

எண்பத்தொன்றில் மகள் ஜெயக்கொடியின் பிரசவத்துக்கு மதுரைப் பெரியாஸ்பத்திரியில் துணைக்கு இருந்தபோதுதான், பல்பு எரிகிற கக்கூசை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். சிமிண்டுத் தரையில் ரத்தத்தையும் முதன்முதலாகப் பார்த்தாள். பார்த்தவள் பயப்பட்டாளா? அதுதான் இல்லை. நின்றுபோன தீட்டு திரும்ப வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்! பச்சைப் பிள்ளையைத் தீட்டோடு தொடக் கூடாதென்று சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்துவிட்டாள். மகள் பிள்ளையை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“என்னம்மா, பொறந்த பிள்ளையத் தூக்க மாட்டேங்குற? பொம்பளப் பிள்ளைன்னு கோவமா?” என்று நர்ஸ் தங்கப்பொண்ணு சத்தம் போட்டார். அன்னக்கொடி அவர் காதில் குசுகுசுவென்று விஷயத்தைச் சொன்னாள்.

நர்ஸ் சிரிக்கவில்லை. “முன்னாலயா, பின்னாலயா?” என்று கேட்டார்.

அன்னக்கொடிக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறதென்றே அன்றுவரை அவள் நினைத்ததில்லை.

“இந்த வயசுல எந்த வழியா வந்தாலும் தப்பு. எந்திரி, டாக்டரம்மாகிட்டப் போவோம்.”

டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு விரலை விட்டுப் பார்த்தபோது அவள் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து நின்றதாம். அப்புறம் வெள்ளைத் தண்ணியை உள்ளே ஏற்றிப் படம் பிடித்தார்கள். குழாய் விட்டுப் பார்த்துச் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பெருங்குடல் முடிகிற இடத்தில் புற்று. வேறெங்கும் பரவவில்லை, இப்போதே வெட்டி எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் பழைய வழியைத் தைத்து மூடிவிட்டு, வயிற்றின் இடது பக்கத்தில் குடலை வெளியே எடுத்துப் புது வழி வைக்க வேண்டும். கேட்டதும் அன்னக்கொடி, ஊருக்குப் போய்ச் சாகிறேன் என்று சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். புருஷன் நல்லகாமன் வார்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றார். சண்டை போட்டே பழகிய மனிதர் அன்றைக்கு அழுதார். “எந்த வழியாப் போனா எனக்கென்ன? எனக்கு நீ வேணும்டி” என்றார். அதற்காகத்தான் ஆபரேசனுக்குப் படுத்தேன் என்று இன்றைக்கும் சொல்கிறாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

இப்போது வீட்டுக்குப் பின்னால் தென்னந்தட்டி மறைப்பு ஒன்று இருக்கிறது. விடிகாலையில் நல்லகாமன் வெந்நீரை ஆற்றி எனிமா டப்பாவில் ஊற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே காவல் நிற்பார். அவள் குழாய் வழியாக வயிற்று வழிக்குள் தண்ணீர் விட்டுக் குடலைக் கழுவிவிடுகிறாள். அதோடு மறுநாள் காலைவரை பெரும்பாலும் தொந்தரவில்லை. மேலே துவைத்த துணியை மடித்து வைத்து, ஜெயக்கொடி தைத்துக் கொடுத்த துணிப் பட்டையைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறாள். எல்லாம் தங்கப்பொண்ணு கற்றுக்கொடுத்த வேலை. பிறகு குளியல், முழங்கைவரை சோப்பு, அப்புறம்தான் அடுப்பு. மொச்சை, முருங்கைக்கீரை வாயில் வைப்பதில்லை. அப்படியும் சில நாள் வயிறு நாலு பேர் நடுவில் சத்தம் போடும். அந்த நேரம் பார்த்துக் கரண்டியால் கல்லில் ணங்கென்று ஒரு தட்டுத் தட்டுவாள். அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு கடன் சொல்ல வந்தவன் வாயை மூடிக்கொள்வான்.

ஊருக்குச் சொன்னது, “வகுத்துல கட்டி, எடுத்துட்டாக” என்பது மட்டும்தான். இந்த வழி சமாச்சாரம் வீட்டைத் தாண்டிப் போகவில்லை. வெளியே தெரிந்தால் அவள் கையால் யார் வாங்கித் தின்பார்கள்? கடை போனால் ரெண்டு பேருக்கும் கஞ்சி ஏது? பேச்செல்லாம் அடுத்தவர் வயிற்றைப் பற்றியே இருந்ததால் அவள் வயிற்றைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்த ஆடியில் கருத்தக்கண்ணன் விஷயம் வந்தது. பருத்திப் பேட்டையில் மூட்டை தூக்குகிறவன், அவளை அக்கா அக்கா என்று சுற்றுகிறவன். ஆளே பாதியாகிப் போயிருந்தான். அவள் தினம் தினம் அரித்தெடுத்து, அவன் பெண்டாட்டி மலையம்மாளையும் கிளப்பிவிட்டு, பெரியாஸ்பத்திரிக்குத் துரத்தினாள். போனவன் ஒரு வாரத்தில் திரும்பி வந்து கொட்டகைக்கு முன்னால் நின்றான். காலை நேரம், கடை நிறைய ஆள். பின்னால் மலையம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“ஒம் பேச்சக் கேட்டுப் போனேன்ல? புத்தாம். பின்னால அடைச்சுப்புட்டு வகுத்துல ஓட்டையப் போடுவாகளாம். காலம் பூரா அது வழியாப் போகணுமாம். அப்பிடி ஒரு பொழப்புக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம். ஆஸ்பத்திரில சொல்லாமக் கொள்ளாம வந்துட்டேன்.”

“பைத்தியமாடா ஒனக்கு? ஆபரேசன் பண்ணுனாப் பொழைச்சுக்கிருவ.”

“பொழைச்சு? வகுத்து வழியாப் போறவன எவன் பக்கத்துல ஒக்கார விடுவான்? எவன் அவன் கையில தண்ணி வாங்கிக் குடிப்பான்? அப்பிடி ஒரு ஆளு இந்த ஊர்ல இருக்கா? இருந்தா ஒரே ஒரு ஆளக் காட்டுக்கா, இப்பவே திரும்பிப் போறேன்.”

மாவு கரைத்துக்கொண்டிருந்த நல்லகாமன் நிமிர்ந்தார். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

கருத்தக்கண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டான். இவனை இப்போது விட்டால் இனி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டான், தை பிறக்க இருக்க மாட்டான் என்று அன்னக்கொடிக்குத் தெரிந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் நிற்கிற நிலையில் அவன் இல்லை. கடை நிறைய ஆள் இருப்பதையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். போகத் திரும்பியவனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவன் உள்ளங்கையைச் சேலைக்கு மேலாகத் தன் வயிற்றின் இடது பக்கத்தில் வைத்தாள்.

“அமுக்கிப் பாரு. இதான்டா அந்த வழி. அஞ்சு வருசமாச்சு. நீ தின்ன பணியாரம் அம்புட்டும் இந்த வகுத்த வச்சுக்கிட்டுச் சுட்டதுதான்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கைகள் இலையிலேயே நின்றன. கருத்தக்கண்ணன் கூசிப்போய்க் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அன்னக்கொடி தன் இன்னொரு கையையும் அதன்மேல் வைத்து, விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.