உயிரோடு இருந்தவருக்குப் பாடிய ஒப்பாரி

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். வயலின் பிடித்தவளும் நான்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு இசையமைப்பாளரின் வாத்தியக் குழுவில் எனக்கு இடம் கிடைத்தது. திருமழிசையில் எங்கள் தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவர் மேல்நாட்டு முறையில் வயலினுக்கும் செல்லோவுக்கும் எழுதுவார். உள்ளே நம் நாட்டுப் பாட்டை வைப்பார். தாலாட்டையும் நடவுப் பாட்டையும் முடித்துவிட்டு ஒப்பாரிக்கு வந்தார். என் அம்மா நன்றாக ஒப்பாரி வைப்பாள் என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன்.

ஒத்திகை அறைக்கு வந்த அம்மா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "யார் பேர்ல சார் பாடறது?"

"பொதுவாப் பாடுங்கம்மா."

"பொதுவா எப்டி சார் அழுவறது? செத்தது அண்ணனா, மாமனா, தெரிஞ்சாத்தான வாயில வரும்?"

அவர் சிரித்தார். "அப்போ நான்தான் செத்துட்டேன்னு வெச்சுக்கோங்க. உங்க அண்ணன்."

"இன்னாடி, உங்க சாரு இப்டி பேசறாரு!" என்று அம்மா என்னை முறைத்தாள். வயலின்காரர்களும் சிரித்தார்கள். அவர் நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

"பையில பேனா இருக்க, எயுதுற கை எங்க போச்சோ, கூடப் பொறந்த ராசாவே."

அறையில் சிரிப்பு நின்றது. அம்மா அவர் முகத்தையே பார்த்துப் பார்த்து அழுதாள். செல்லோ வாசிப்பவர் வில்லைக் கீழே வைத்துவிட்டார்.

பாதியில் நிறுத்தினாள். மிச்சம் பாடை தூக்கும்போது பாடுவது.

"அத்தப் பாடுனா ஆள அனுப்பிச்சிட்ட மாதிரி. வேணாம் சார். ஊட்டுக்குப் போனதும் தலைக்குத் தண்ணி ஊத்திக்குங்க."

குளித்தாரோ இல்லையோ, மறுவாரம் அந்த முடிவையும் வயலின்களுக்கு எழுதிக்கொண்டு வந்தார். எப்போதோ ஒரு சாவு வீட்டில் கேட்டதாம். அம்மா பாடாமல் விட்ட அதே மெட்டு. அம்மாவிடம் சொன்னேன். உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "நீ அத்த வாசிக்காத" என்றாள்.

கச்சேரியன்று எங்கள் முன்னால் நின்று தாளம் காட்டிய அவருக்குச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. சில நாளாகக் காய்ச்சல் என்றார்கள். முடிவு வந்ததும் நான் வில்லை மடியில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், கோபப்படவில்லை. மற்ற வயலின்கள் வாசித்து முடித்தன. கைதட்டத் தொடங்கியவர்கள், அவர் இன்னும் தங்கள் பக்கம் திரும்பாததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் எழுதியது முடிந்துவிட்டது. அவர் தாளம் காட்டிக்கொண்டே இருந்தார். எதை வாசிப்பது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.