வார்டில் அவள், செம்பவாங்கில் நான்

அது அறுபதுகளின் தொடக்கம், சிங்கப்பூரில். என் மனைவிக்கு ஏழாம் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு படியேறி வந்தேன். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை இருந்தது. கட்டிலின் ஓரத்தில் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். புடவையில் இரத்தம்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. வலியே இல்ல. திடீர்னு போகுது."

வலி இல்லை என்றதும் எனக்குப் பாதி உயிர் திரும்பியது. வலிக்காதது பெரிதாக என்ன செய்துவிடும் என்றுதான் அப்போது நினைத்தேன். மீன் பொட்டலத்தை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. கீழே ஓடி டாக்சி பிடித்தேன். பிரசவ ஆஸ்பத்திரி நடந்தே போகும் தூரம்தான். ஆனாலும் அந்தச் சின்னப் பயணத்தில் அவள் என் கையை விடவில்லை. இதற்கு முன் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்திருந்தது. 

வார்டின் தலைமைத் தாதி யாழ்ப்பாணத்துக்காரப் பெண்மணி. டாக்டர் பார்த்துவிட்டுப் போன பிறகு அவர்தான் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு விளக்கினார்.

"நஞ்சுக்கொடி கீழ கிடக்குது எண்டு டாக்டர் நினைக்கிறார். பிள்ளை வாற வழியை அது மறிச்சுக்கொண்டு கிடக்குது. வலியில்லாமல் இரத்தம் போறதுதான் அதுக்கு அடையாளம். இப்ப நிண்டிட்டுது. ஆனா திரும்பவும் வரலாம்."

"வீட்டுக்கு எப்ப கூட்டிட்டுப் போகலாம்?"

"பிள்ளையோடதான்" என்றார். "அதுவரைக்கும் படுக்கையை விட்டு எழும்பக் கூடாது. நாங்கள் பார்ப்பம். நீங்கள் பயப்படாதேங்கோ."

பயப்படாதே என்று ஒருவர் சொல்வதே போதும், பயம் வந்துவிடும். என்னுடைய ஆட்களும் அவளுடைய ஆட்களும் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்தார்கள். இங்கே எனக்கு அவள், அவளுக்கு நான். அவ்வளவுதான்.

எனக்குச் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை, தீவின் வடகோடியில். வேலை முடிந்து பஸ் பிடித்து நகரத்துக்கு வந்து சேர்வதற்குள் பார்வையாளர் நேரம் ஏறக்குறைய முடிந்திருக்கும். முதல் நாள் ஓடிப்போய் நின்றபோது மணி அடித்துவிட்டார்கள். வாசலில் இருந்தபடியே அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் பட்டறையில் என்னோடு இரும்பு பற்றவைக்கும் சீனக் கூட்டாளி ஒருவர், ஏன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டார். நாங்கள் பேசிக்கொள்வது சந்தை மலாயில்தான். எனக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. என்னை அவர் 'கவான்' என்றுதான் கூப்பிடுவார். மலாயில் கூட்டாளி என்று அர்த்தம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "என்னிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறதே, பஸ் எதற்கு லா?" என்றார்.

அன்றிலிருந்து மாலை தவறாமல் அவருடைய பின்சீட்டில் நான். அவர் வீடு நகரத்தில் இல்லை, செம்பவாங்கிலேயேதான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவள் படுத்த படுக்கையாக இருந்தாள் என்று சொன்னால் சோர்ந்துபோய்க் கிடந்தாள் என்று நினைத்துவிடக் கூடாது. அவளுக்குச் சும்மா கிடப்பதுதான் தண்டனை. பக்கத்துக் கட்டில் மலாய்ப் பெண்ணிடம் மலாய் கற்றுக்கொண்டாள். தாதிகளிடம் ஊறுகாய் கேட்டுத் திட்டு வாங்கினாள். நான் போனதும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"சோறுதான்."

"பொய் சொல்றீங்க. கன்னம் ஒட்டிப்போச்சு. நான் படுத்திருக்கேன், எனக்கு வேளாவேளைக்குக் கொண்டாந்து குடுக்கறாங்க. உங்களைத்தான் பாக்க ஆளில்ல."

பிறகு என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைப்பாள். உள்ளே ஓர் உதை. அந்த உதைக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் வந்தேன் என்று தோன்றும். ஒரு நாள் எவ்வளவு நேரம் வைத்திருந்தும் ஒன்றுமில்லை. அவள் சிரித்துக்கொண்டு, "தூங்குது, விடுங்க" என்றாள். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. மணி அடித்த பிறகும் கையை எடுக்காமல் நின்றேன். தாதி வந்து குழாயை வயிற்றில் வைத்துக் கேட்டு, "துடிப்பு நல்லா ஓடுது, கேக்குது. போயிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார்.

எட்டாம் மாதம் முடியும் தறுவாயில் தலைமைத் தாதி மறுபடி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுக்கவேண்டும். இரத்தம் தயாராக இருக்கவேண்டும். எந்த வகையாக இருந்தாலும் சரி, யாராவது கொடுத்தால் அவளுக்கு எடுக்கும் இரத்தத்தின் இடம் இரத்த வங்கியில் நிரம்பும். நான் அன்றே கொடுத்தேன். இன்னும் ஓர் ஆளாவது வேண்டும் என்றார்கள்.

மாடியில் பக்கத்து அறைகளில் இருந்தவர்களைக் கேட்டேன். நல்லவர்கள்தான். ஆனால் இரத்தம் என்றதும் ஒருவருக்குத் தலைசுற்றல், ஒருவருக்கு முதுகுவலி. பட்டறையில் தேநீர் வேளையில் கேட்டேன். இரத்தம் கொடுத்தால் ஒரு வருஷத்துக்குச் சுத்தியலைத் தூக்க முடியாது என்றார் ஒருவர். என் சீனக் கூட்டாளி தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசிக்கு அவர் எவ்வளவு பயப்படுவார் என்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் மாலை மோட்டார் சைக்கிள் வழக்கமான திருப்பத்தில் திரும்பவில்லை.

"எங்கே போகிறோம்?"

"கவான், பேசாதே. பேசினால் நான் திரும்பிவிடுவேன்."

இரத்தம் எடுக்கும் இடத்தில் அவர் கண்ணை இறுக மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கை மரத்துப்போயிற்று. எல்லாம் முடிந்து தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தபோது, "இவ்வளவுதானா?" என்று அங்கிருந்தவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அன்று வண்டி ஓட்டவேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்பே ஒரு பிற்பகல் ஃபோர்மன் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். ஆபீசுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருக்கிறது. மறுபடி இரத்தம் போகிறது, உடனே வரச் சொன்னார்கள். முகமூடியைக் கழற்றிக் கீழே போட்டேன். கூட்டாளி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியை எடுத்தார். தாம்சன் சாலை முழுக்க மழை. கன்னத்தில் மழைத்துளி கல் மாதிரி அடித்தது. நான் வாய்விட்டு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தேன். சாமி பெயரா, அவள் பெயரா, தெரியாது.

போய்ச் சேர்ந்தபோது அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் சொட்டச் சொட்ட உட்கார்ந்தோம். உடம்பெல்லாம் பட்டறைக் கரி. எதிரே ஒரு கதவு. ஒவ்வொரு முறை அது திறக்கும்போதும் எழுந்து நின்றேன். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ, வேறு எதற்கோ வந்தார்கள்.

கடைசியில் தலைமைத் தாதி வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

"பொம்பிளைப் பிள்ளை. கொஞ்சம் சின்னன், கண்ணாடிப் பெட்டியில சில நாள் வைப்பம். தாயும் சுகமா இருக்கிறா. இரத்தம் ஏத்தினது, இப்ப நித்திரை."

"நிஜமாவா?" என்று கேட்டேன். 

"நான் என்னத்துக்குப் பொய் சொல்லப்போறன்? போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வாங்கோ. இந்தக் கோலத்தில பிள்ளையைப் பார்த்தால் அது பயப்படும்."

கூட்டாளிக்குத் தமிழ் புரியவில்லை. என் முகத்தையும் தாதியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மலாயில் சொல்ல வாயெடுத்தேன். ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் திடுக்கிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதுகொண்டே சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. "ஹாய்யா!" என்று ஒரே சத்தம். தாதி உதட்டில் விரலை வைத்தார்.

மயக்கம் தெளிந்து அவள் என்னைப் பார்த்தபோது உதடு வறண்டிருந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டேன்.

"பாத்தீங்களா? யாரு மாதிரி இருக்கு?"

"உன்னை மாதிரி. கோபமா இருக்கு."

சிரிக்கப் போனாள், தையல் வலித்து நிறுத்திக்கொண்டாள்.

குழந்தை பெட்டியைவிட்டு வெளியே வந்து, கொஞ்சம் எடையும் ஏறிய பிறகு இருவரையும் அறைக்குக் கூட்டிவந்தேன். ஒரு மாதம் நிறைந்தபோது கூட்டாளி பட்டறையில் என்னிடம் கையை நீட்டி, "சிவப்பு முட்டை எங்கே?" என்றார். பிள்ளைக்கு மாதம் நிறைந்தால் அவர்கள் வழக்கத்தில் முட்டையை அவித்துச் சிவப்புச் சாயம் ஏற்றிக் கொடுக்கவேண்டுமாம். எங்கள் வழக்கத்தில் அது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் எழுந்து உட்கார்ந்தாள். "அவருக்கு இல்லாத முட்டையா? அடுப்பை மூட்டுங்க" என்றாள். கீழ்க்கடையில் சாயம் வாங்கி, முட்டைகளை அவித்து இருவருமாகத் தோய்த்தோம். பாதி முட்டை சிவப்பு, பாதி ரோஸ். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் பட்டறைக்கு ஒரு கூடை நிறையக் கொண்டுபோனேன். கூட்டாளி ஒன்றை உரித்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டு, உப்பு கொண்டுவரவில்லையா என்று கேட்டார்.