ஏழாவது ஆளுக்கு வந்த மாத்திரை

டப்பாவைத் திறந்தாலே துருப்பிடித்த ஆணியின் வாசனை வரும்...

சர்க்கரை பூசிய சிவப்பு இரும்புச்சத்து மாத்திரைகள். கடல்காற்றின் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஸ்பூன் காம்பால் பிரித்தெடுத்து, முப்பது முப்பதாக எண்ணி, பழைய பேப்பரில் பொட்டலம் கட்டுவேன். வேலை முடியும்போது என் விரல்நுனியெல்லாம் சிவந்திருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்துமூன்று வயது. மெயின்லேண்டிலிருந்து கப்பலேறித் தீவுக்கு வந்து, பெரார்கஞ்ச் பக்கம் தகரக்கூரை போட்ட ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. வாய் கொஞ்சம் நீளம். (இப்போதும்தான். சிரிக்காதீர்கள்.)

அங்கேதான் பஞ்சவர்ணம் வந்தாள். ஐந்து மாதம். கணவர் கருப்பையா ரோடு வேலையில் மேஸ்திரி, ராமநாதபுரத்துக்காரர். போன பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் மயிரிழையில் பிழைத்தவள் அவள். விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைத் தாளில் ஒற்றி, நிற அட்டையோடு வைத்துப் பார்த்தேன். வெளிறிப்போன ரோஸ் நிறம். ரத்தம் ரொம்பக் குறைவு.

"இதே ரத்தத்தோட பிரசவத்துக்குப் போனா இவ தாங்கமாட்டா" என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். பிள்ளை பிறக்கப்போவதோ ஜீப் வராத மழைக்காலத்தில்.

பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன். தினம் ஒன்று, சாப்பிட்ட பிறகு. வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கும், பயப்படாதே என்றும் சொன்னேன். தலையாட்டினாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தால் அதே ரோஸ்! எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"தூக்கிப் போட்டுட்டியா? பொய் சொல்லாதே!"

"போடலை சிஸ்டர்... எனக்குன்னு குடுத்ததை முழுங்கிட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் நம்பவில்லை. அடுத்த பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் வீட்டுக்கே போய் நின்றேன்.

கருப்பையா கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பேப்பர் விரித்து மாத்திரைகளைக் கூறு போட்டிருந்தார். ஆறு கூறு... ஒவ்வொன்றிலும் ஐந்து மாத்திரை. அவருக்கு, அம்மாவுக்கு, தம்பிக்கு, இரண்டு பெண் குழந்தைகளுக்கு. கடைசியாகப் பஞ்சவர்ணத்துக்கு.

"என்ன பண்றீங்க!" என்று கத்தியேவிட்டேன்.

மனிதர் பதறவே இல்லை. "ஆயியே சிஸ்டர், பைட்டியே" என்று தீவு வழக்கப்படி இந்தியில் உட்காரச் சொன்னார். "சர்க்கார் குடுக்குறது எதுன்னாலும் எங்க வீட்ல தலைக்கு இம்புட்டுன்னுதான். அரிசி, சீனி, மண்ணெண்ணெய்... எல்லாம் பராபர். யாருக்கும் ஓரவஞ்சனை கிடையாது."

அவரைத் திட்டவும் முடியவில்லை. கப்பல் தாமதமானால் அடுப்பு எரியாத ஊர் அது. வந்த சாமானைச் சமமாகப் பிரித்துத் தின்றே பிழைத்த ஜனங்கள். அந்த நியாயத்தோடு சண்டை போட்டு நான் எப்படி ஜெயிப்பேன்? சட்டென்று கேட்டேன்.

"உங்க வீட்ல எத்தனை தலை?"

"ஆறு."

"கணக்கு தப்பு. ஏழு. ஏழாவது ஆள் அவ வயித்துல இருக்கு. இந்த மாத்திரை மொத்தமும் அதுக்கு வந்தது. அதுக்குக் கை நீட்டி வாங்கத் தெரியாதுன்னு அம்மா வாயில குடுக்கச் சொல்லியிருக்கு சர்க்கார். அதோட பங்கைத்தான் நீங்க அஞ்சு பேரும் தின்னுட்டு இருக்கீங்க!"

கருப்பையாவின் முகம் செத்துப்போனது. அடுத்தவன் பங்கைத் தொட்ட மனிதரில்லை அவர். எழுந்துபோய் வீடு முழுக்க வசூலில் இறங்கினார். அவர் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, போன மாதம் மிச்சம் வைத்த இரண்டைக் கொடுத்தார். சின்னப் பெண்கள் வேறு இதை மிட்டாயாகச் சப்பியிருக்கிறார்கள்... குழந்தைகள் கைக்கு இது போகவே கூடாது, விஷம் என்று சொல்லி, எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு உத்திரத்தில் கட்டவைத்த பிறகுதான் கிளம்பினேன்.

அதற்குப் பிறகு கருப்பையாதான் காவல். அவள் ராத்திரிச் சோறு தின்று முடித்ததும் மாத்திரையும் தண்ணீருமாக எதிரே நிற்பாராம். "ஆ காட்டு, நாக்கைத் தூக்கு" என்று பார்த்த பிறகுதான் அவர் சாப்பிட உட்காருவாராம். பஞ்சவர்ணம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

எட்டாம் மாதம் மறுபடி தாளில் ஒற்றினேன். சிவப்பு... நல்ல சிவப்பு! அட்டையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியதில் செருப்புப் போட மறந்துவிட்டேன்.

பயந்தபடியே பேய் மழையில்தான் வலி வந்தது. ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்டது. வீட்டிலேயே பிரசவம் பார்த்தேன். இந்த முறையும் ரத்தப்போக்கு இருந்தது. ஊசி போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மயங்கவில்லை. "ஆம்பளையா பொம்பளையா சிஸ்டர்? எனக்குப் பசிக்குது" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு ஓவென்று அழுதவள் நான்தான்.

இப்போது மாத்திரை எல்லாம் பளபளக்கும் அட்டையில் வருகிறது. என் மருமகளுக்குப் போனே மணியடித்து ஞாபகப்படுத்துகிறது. யாரும் வீட்டுக்குள் புகுந்து சத்தம் போட வேண்டியதில்லை. நல்லதுதான். ஆனாலும் அப்படிச் சண்டை போட்டு ஜெயித்த நாட்கள் என்னைக் கொஞ்சம் ஏங்கத்தான் வைக்கின்றன.

போன மாதம் மின்னி பே பகுதியில் ஒரு கல்யாணம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நரைத்த தலையோடு ஒருத்தி வந்தாள். பஞ்சவர்ணம்! கொள்ளுப்பேத்தி இடுப்பில். நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை. நேராக என் கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.

"என்ன சிஸ்டர் இப்படி வெளுத்திருக்கு? மாத்திரை போடுறீங்களா இல்லையா? பொய் சொல்லாதீங்க!"

பந்தியில் எல்லோரும் திரும்பிப் பார்க்க, அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு நின்றேன்... என் வாழ்நாளில் அவ்வளவு கர்வமாக நான் நின்றதே இல்லை.