டாங்கியின் முன்னால் ஒரு சொற்பொழிவு

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஆயுத பூஜையன்று தொழிலாளர்களின் குடும்பத்தாரை உள்ளே அனுமதிப்பார்கள். நான் மணக்க விரும்பிய பெண்ணின் தந்தை அங்கே வெல்டர். சம்மதம் சொல்வதற்கு முன் என்னை நேரில் பார்க்க வேண்டும் என்றவர், அந்த நாளையே தேர்ந்தெடுத்து, மகளோடு என்னையும் அழைத்துச் சென்றார்.

“தயவுசெஞ்சு வாயத் தொறக்காத,” என்று அவள் வரும் வழியில் சேக்காட்டிலேயே எச்சரித்திருந்தாள். போர் எதிர்ப்புத் துண்டறிக்கைகளைத் தானே எழுதி, தானே அச்சிட்டு, பெரும்பாலும் தானே படித்த ஒரு வரலாற்று முதுகலைப் பட்டதாரிக்கு அது சற்றுக் கடுமையான நிபந்தனை.

டாங்கியின் நெற்றியில் சந்தனம், பீரங்கிக் குழாயில் சாமந்தி மாலை. அவள் தந்தை என் கையில் பொரிப் பொட்டலத்தைத் திணித்து, “எப்டி கீது?” என்றார்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நான் முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளிலிருந்து தொடங்கினேன். அவற்றைத் தாண்டவே டாங்கி பிறந்தது. போர்ச் செலவுக்கான வரிகளே பல அரசுகளை வளர்த்தன. ஆண்கள் களத்துக்குப் போனதால் பெண்கள் ஆலைகளுக்குள் வந்தார்கள். ஆயினும், விளைவுகளை நிறுத்துப் பார்த்தால்... சுற்றிலும் பொரி மெல்லும் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

“இன்னா அண்ணாத்தே,” என்றார் அவருடைய நண்பர், “மாப்ளைய இட்டாரேன்னு சொல்லிட்டு வாத்தியார இட்டாந்துகீற?”

எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. “அல்லாம் சர்தான் தம்பி. இத்தப் பத்தவச்சு வாங்குன சம்பளத்துலதான் எம்பொண்ணு வளந்துச்சு. அத்தக் கட்டிக்க உம்மனசு ஒப்புதா?”

இரு தரப்பையும் ஆராயாமல் விடை சொல்வது என் கொள்கைக்கு விரோதம். ஆராய்ந்தேன். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பூஜையே முடிந்துவிட்டது. நான் முன்னுரையைக்கூடக் கடக்கவில்லை.

“ஒப்புதுங்க,” என்றேன் கடைசியில். “ஆனா டாங்கியப் பத்தி என் கருத்து...”

“கருத்த யாரு கேட்டா? நீ யோசிச்சுகினு நின்ன நிப்புல, இல்லன்னுடுவியோன்னு நான் பயந்தே பூட்டேன்,” என்று அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். சம்மதம் கிடைத்துவிட்டது.

வெற்றிப் புன்னகையோடு அவள் பக்கம் திரும்பினேன்.

“ஆமான்னு சொல்ல அவ்ளோ நேரமா?” என்று கேட்டுவிட்டு அவள் வாயிலை நோக்கி நடந்தாள்.

அவளுடைய சம்மதத்தைத் திரும்பப் பெற மேலும் ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் நான் எந்த நூற்றாண்டைப் பற்றியும் பேசவில்லை.