அட்டிகையை உருக்கும் முன்

ஜார்ஜ்டவுன் பத்தர் கடையில் நான் இருந்தேன். அக்கா இருந்தாள். நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் வேண்டும் என்ற என் மகள் இருந்தாள். பத்தர் இருந்தார். அம்மா விட்டுப்போன அட்டிகையை உருக்குவதற்கு முன், பத்தர் அதைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்தார்.

அந்த வாசத்தில் எனக்கு நாங்கள் வளர்ந்த தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள், ஞாபகம் வந்தது. ஜுருவில் இன்று கார் விற்கிற இடத்தில் அது இருந்தது. அங்கே எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் நகை இரவல் போகும், திருப்பும்போது கழுவித்தான் கொடுக்க வேண்டும் என்பதால் ஏதாவது ஒரு வாசலில் பூந்திக்கொட்டை நுரையோடு ஒரு மங்குக் கிண்ணம் இருக்கும், பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து பழைய பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே மாப்பிள்ளை வீட்டைக் கிண்டல் செய்வார்கள். இந்த அட்டிகையை மணப்பெண்கள் போட்டுப் பார்த்திருக்கிறேன். அம்மா போட்டு நான் பார்த்ததில்லை.

“இது நம்மளதுதானா?” என்றேன்.

“அம்மா பெட்டியில இருந்துச்சு. அப்புறம் யாருதுலா?” என்றாள் அக்கா. “சோறு கறிய தவிர உனக்கு என்னா ஞாபகம் இருக்கு?”

“அப்பா, வேற யாரோட நகையா?” மகள் அளவு கொடுக்க நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

“உருக்கிடலாமா அண்ணே?” பத்தர் கேட்டார்.

தோட்டத்தை முதலாளி விற்றபோது லயத்துக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். அம்மா இரவல் கொடுத்தது திரும்பி வந்ததா, இரவல் வாங்கியது திரும்பிப் போகவில்லையா, எனக்குத் தெரியவில்லை. அதைப் போட்டு நான் பார்த்த கழுத்துகளை எண்ணினேன்.

ஏழு. அதில் அம்மாவுடையது இல்லை.