உகாண்டா சிம்பன்சியும் எங்கள் குன்னூர் குரங்கும்

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியை மூடியதும், என் வீட்டுக்காரர் உகாண்டாவில் ஒரு டீ எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனார். இன்று அவருக்கு லீவு. காட்டுக்குச் சிம்பன்சி பார்க்கப் போனவர், வீடியோ காலில் கூப்பிட்டார்.

"சத்தம் போடாத. மரத்து மேல பாரு."

தாயும் குட்டியும்! உருகிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இங்கே அடுக்களையில் ஒரு குரங்கு நுழைந்து கேரட் பையைத் தூக்கிக்கொண்டு ஃப்ரிட்ஜ் மேல் ஏறிவிட்டது.

"ஏனுங்க! கொரங்குங்க!"

கேமராவைக் குரங்கு பக்கம் திருப்பி நான் அலறியதில் சிம்பன்சிகள் அங்கே ஓடியே போய்விட்டன. கூட வந்தவர்கள் இவரை முறைக்க, இவர் சட்டென்று போனை அவர்கள் பக்கம் திருப்பினார். எல்லோரும் என் குரங்கை ஆசையாகப் பார்த்தார்கள்.

"இது எந்த நேஷனல் பார்க்குன்னு கைடு கேக்கறாரு" என்றார் இவர்.

"நம்ம ஊடுதானுங்க!"

குரங்கு இன்னும் ஃப்ரிட்ஜ் மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. பார்வையாளர்கள் போதும், விரட்டத் தெரிந்தவர்கள் மட்டும் உடனே வரவும்.